புது எஸ்எஸ்டி பயாஸ்ல தெரியுது, விண்டோஸ் போடும்போது மட்டும் காணோம் – பழைய டிஸ்க்குல படைப்பு கணக்கு இருக்கு, உதவி பண்ணுங்க

பள்ளத்தூர் பையன்:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு நாளா தூக்கம் இல்லாம உக்காந்து எழுதுறேன், கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுத்துக்கங்க. வீட்ல ஒரு லேப்டாப் இருக்கு, 2021ல வாங்கினது, இன்டெல் 11வது தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், வரும்போதே விண்டோஸ் 10 ஹோம் இருந்துச்சு. அத அப்பச்சிதான் (எங்க அப்பாவ நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம்) வச்சிருக்காக. எங்க பங்காளிக எல்லாம் சேந்து முன்னோருக்கு படைச்சு கும்பிடுற படைப்போட கணக்கு, புள்ளி வரி (கல்யாணம் ஆன ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி), யாரு எந்த ஊர்ல இருக்காக, போன் நம்பர், யாரு வீட்ல புதுசா கல்யாணம் ஆகி புள்ளி கூடியிருக்கு, எல்லாம் அவுகதான் எக்செல்ல ஏத்தி வச்சிருக்காக. அதுக்கு முன்னாடி நோட்டுல இருந்தத ஒண்ணொண்ணா பாத்து அடிச்சது, பல வருஷ வேலை.

மிஷின் இப்ப ரொம்ப மெதுவா ஆயிருச்சு, ஆன் பண்ணி வச்சிட்டு குளிச்சிட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கு. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14ஓட அப்டேட்ட நிறுத்திட்டாங்க, சரி ஒரேயடியா முடிச்சிருவோம்னு ஹார்ட் டிஸ்க்க விட வேகமான சிப்பு வகை டிஸ்க்கு, 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒண்ணு வாங்கினேன். பின்னாடி மூடிய கழட்டி பாத்தா அத மாட்டுற எம்.2 ஸ்லாட்டு காலியாத்தான் இருந்துச்சு, மாட்டி ஸ்க்ரூவும் போட்டுட்டேன். பயாஸ்ல, அதான் விண்டோஸுக்கு முன்னாடி வர்ற அடிப்படை செட்டிங்ஸ்ல போயி பாத்தா எஸ்எஸ்டி பேரோட அழகா தெரியுது. மைக்ரோசாஃப்ட் டூல வச்சே 16 ஜிபி பென்டிரைவ்ல விண்டோஸ் 11 ஏத்தி பூட் பண்ணேன், எல்லாம் நல்லா போயி எங்க போடணும்னு கேக்குற இடத்துல பழைய 931 ஜிபி டிஸ்க்கு மட்டும்தான் காட்டுது. எஸ்எஸ்டிய காணவே காணோம். பென்டிரைவ மாத்தி பாத்துட்டேன், எஸ்எஸ்டிய கழட்டி திரும்ப மாட்டி பாத்துட்டேன், அதே கதைதான்.

ஒரு கடைக்கு எடுத்துட்டு போனேன். எஸ்எஸ்டி செத்துப்போச்சு தம்பி, இல்லன்னா செட் ஆகாத மாடல், பேசாம பழைய டிஸ்க்குலயே ஃபார்மட் அடிச்சு போட்டுக்கலாம்னு சொல்லிக்கிட்டே அந்தப் பையன் டிஸ்க்குல இருக்குற பகுதிய அப்படியே அழிக்கிற டெலீட் பார்ட்டிஷன் மேல மவுச கொண்டு போயிட்டான். எனக்கு ஈரக்குலையே நடுங்கிருச்சு. அப்படியே மூடி வாங்கிட்டு வந்துட்டேன். விண்டோஸ் கீ வேற தனியா காசு குடுத்து வாங்கணும்னு சொன்னாங்க.

வீட்டுக்கு வந்து பழைய விண்டோஸ்ல பூட் பண்ணி டிஸ்க் மேனேஜ்மென்ட்ட திறந்தா அங்க எஸ்எஸ்டி 476 ஜிபின்னு கருப்பு பட்டையா, அன்அலொகேட்டட்னு, அதான் இன்னும் பிரிக்காத காலி இடம்னு இருக்கு. அப்ப செத்துப்போகலைதானே? 512ன்னு வாங்கினதுக்கு 476 காட்டுறது ஏமாத்து வேலையா? தெரிஞ்சவுக சொல்லுங்க. அடுத்த மாசம் படைப்பு, சிங்கப்பூர் மலேசியாலேர்ந்தெல்லாம் பங்காளிக வர்றாக, லிஸ்ட்டு கையில இல்லன்னா அப்பச்சிக்கு ரொம்ப கஷ்டமா போயிரும்.

தேவகோட்டை ரஸ்தா:

எம்.2ன்னாலே என்விஎம்இ இல்ல, அதுல சாட்டா வகையும் உண்டு, ரெண்டும் பாக்க ஒரே மாதிரி 22க்கு 80 மில்லிமீட்டர்ல இருக்கும். மாட்டுற முனையில இருக்குற வெட்டு ஒண்ணா ரெண்டான்னு பாருங்க. ஸ்லாட்டு ஒரு வகைய மட்டும் எடுத்துக்கிறதா இருந்தா இன்னொண்ணு வேலை செய்யாது.

பள்ளத்தூர் பையன்:

ஒரு வெட்டுதாங்க இருக்கு, பெட்டிலயும் என்விஎம்இன்னு போட்டுருக்கு. பயாஸ்ல வேற தெரியுதே.

காரைக்குடி சர்வீஸ்:

தம்பி, எஸ்எஸ்டி நல்லாத்தான் இருக்கு, கவலைய விடுங்க. பழைய விண்டோஸ்ல கருப்பு பட்டையா தெரியுதுன்னு சொன்னீங்க பாத்தீங்களா, உங்க கேள்விக்கு பதிலே அதுலதான் இருக்கு. செத்த எஸ்எஸ்டி அங்க தெரியாது. பழைய விண்டோஸ்கிட்ட இருக்குற ஏதோ ஒண்ணு புது பென்டிரைவ்கிட்ட இல்ல, அவ்வளவுதான். அது என்னன்னா டிரைவர், அதாவது அந்தப் பாகத்தோட பேச விண்டோஸுக்கு வேணுங்கிற சின்ன ப்ரோகிராம்.

இன்டெல் 11வது தலைமுறைலேர்ந்து நிறைய லேப்டாப்புல விஎம்டின்னு டிஸ்க்குகள நிர்வாகம் பண்ற இன்டெல் வசதி ஒண்ண கம்பெனியிலேயே ஆன் பண்ணி அனுப்புறாங்க. அது ஆன்ல இருந்தா எஸ்எஸ்டி நேரா வெளிய தெரியாது, விஎம்டி கன்ட்ரோலருக்கு பின்னாடி போயி உக்காந்துக்கும். கம்பெனி போட்டுக் குடுத்த விண்டோஸ்ல அதுக்குண்டான இன்டெல் ராபிட் ஸ்டோரேஜ் டிரைவர் ஏற்கனவே இருக்கும், அதனால தெரியுது. மைக்ரோசாஃப்ட் பென்டிரைவ்ல அது இருக்காது, அதனாலதான் காணோம்குது. பயாஸ் நேரா பாக்குறதால அதுக்கு எந்த பிரச்சனையும் இல்ல. இந்த ஒரு விஷயம் தெரியாம நல்ல எஸ்எஸ்டிய ரிட்டன் குடுத்தவங்க எத்தனை பேருன்னு என்கிட்ட வந்தவங்கள வச்சே சொல்லலாம், எனக்கு மனசு கேக்காது.

ரெண்டு வழி இருக்கு. பயாஸ்ல போயி விஎம்டிய ஆஃப் பண்றது ஒண்ணு. சில மாடல்ல அந்த ஆப்ஷனே வெளிய தெரியாது, ஏசர்ல மெயின் டேப்ல நின்னுக்கிட்டு கன்ட்ரோலும் எஸ்ஸும் சேத்து அமுக்கினாத்தான் வரும். ஆனா உங்களுக்கு இந்த வழி வேண்டாம். ஏன்னா விஎம்டி ஆன்ல இருக்கும்போது போட்ட பழைய விண்டோஸ், ஆஃப் பண்ணதும் நீலத் திரை காட்டி நிக்க வாய்ப்பு இருக்கு, திரும்ப ஆன் பண்ணா சரியாயிரும், இருந்தாலும் அப்பச்சி கணக்கு அதுக்குள்ள இருக்கும்போது அந்தப் பதட்டம் எதுக்கு.

டிரைவர குடுக்குற வழியில போங்க. லேப்டாப் கம்பெனி சைட்ல உங்க மாடல் நம்பர போட்டு இன்டெல் ராபிட் ஸ்டோரேஜ் டிரைவர இறக்குங்க. அது ஒரு செட்டப் ஃபைலா வரும், அப்படியே பென்டிரைவ்ல போட்டா விண்டோஸ் இன்ஸ்டாலருக்கு படிக்கத் தெரியாது, இங்கதான் பாதி பேரு மாட்டிக்கிறாங்க. செவன்-சிப்னு ஃபைல பிரிக்கிற ப்ரோகிராம் இருக்கு, அத வச்சு பிரிச்சுப் பாருங்க, உள்ள விஎம்டின்னு ஒரு ஃபோல்டர் வரும், அதுக்குள்ள ஐஎன்எஃப்னு முடியிற ஃபைல் இருக்கணும். அந்த ஃபோல்டர அதே விண்டோஸ் பென்டிரைவ்ல ஒரு ஓரமா காப்பி பண்ணிருங்க. இன்ஸ்டால் பண்ணும்போது டிஸ்க்கு லிஸ்ட்டு வர்ற இடத்துல லோட் டிரைவர்னு இருக்கும், அமுக்கி அந்த ஃபோல்டர காட்டுங்க. 11வது தலைமுறைக்கு விஎம்டி கன்ட்ரோலர் 9ஏ0பின்னு ஒரு பேரு வரும், அத எடுத்து நெக்ஸ்ட் குடுத்தா கொஞ்ச நேரத்துல எஸ்எஸ்டி லிஸ்ட்டுல வந்து நிக்கும்.

476ன்னு காட்டுறது ஏமாத்து இல்ல. கம்பெனி 1000 1000ஆ எண்ணி 512ங்குது, விண்டோஸ் 1024 1024ஆ எண்ணுது, உங்க 1 டிபி ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான் 931 காட்டுது. கீ எதுவும் வாங்காதீங்க. விண்டோஸோட வந்த லேப்டாப், லைசென்ஸ் போர்டுலயே இருக்கு, அதே ஹோம் எடிஷன போட்டு நெட்ட குடுத்தீங்கன்னா தானா ஆக்டிவேட் ஆயிரும்.

இதையெல்லாம் தொடறதுக்கு முன்னாடி இன்னைக்கு ராத்திரியே அந்த எக்செல் ஃபைல ஒரு பென்டிரைவ்ல ஒண்ணு, உங்க மெயிலுக்கு ஒண்ணுன்னு ரெண்டு இடத்துல வச்சிருங்க. அப்புறம் செட்டிங்ஸ்ல டிவைஸ் என்கிரிப்ஷன்னு டிஸ்க்க பூட்டி வைக்கிற வசதி ஒண்ணு இருக்கான்னு பாருங்க. அது ஆன்ல இருந்தா ஹார்ட் டிஸ்க்க வேற விண்டோஸ்ல திறக்கும்போது 48 இலக்க ரெக்கவரி கீ கேக்கும். ஆஃப் பண்ணி, அது முழுசா முடியிற வரைக்கும் காத்திருந்துட்டு வேலைய ஆரம்பிங்க. இன்ஸ்டால் பண்ணும்போது ஹார்ட் டிஸ்க்க கழட்டி வச்சிட்டா ரொம்ப நல்லது, மறந்துராதீங்க.

குன்றக்குடி லினக்ஸ்:

அண்ணன் சொன்னது சரி. பழைய விண்டோஸே பூட் ஆகாத மிஷினா இருந்தா உபுண்டு பென்டிரைவ்ல போட்டு இன்ஸ்டால் பண்ணாம சும்மா ட்ரை மட்டும் குடுத்து உள்ள டிஸ்க்ஸ்ங்கிற ப்ரோகிராம திறந்து பாக்கலாம். லினக்ஸ் கெர்னல்லயே விஎம்டி டிரைவர் இருக்கு, அதனால 11வது தலைமுறையில பெரும்பாலும் எஸ்எஸ்டி தெரிஞ்சிரும். சாகலைன்னு உறுதி பண்ண நான் எப்பவும் இதத்தான் செய்வேன்.

பள்ளத்தூர் பையன்:

அண்ணே கோடி நன்றி, நீங்க சொன்ன மாதிரியே 9ஏ0பி வந்துச்சு, அமுக்கின உடனே எஸ்எஸ்டி தெரிஞ்சுச்சு, அப்பச்சிய கூப்பிட்டு காட்டினேன். என்கிரிப்ஷனும் ஆஃப்லதான் இருந்துச்சு. எஸ்எஸ்டில விண்டோஸ் 11 போட்டாச்சு. ஆனா நீங்க கடைசில சொன்னத நான் செய்யல, ஹார்ட் டிஸ்க்க கழட்டாமலே போட்டுட்டேன், அதுக்கு தனியா நாலு ஸ்க்ரூ கழட்டணும்னு விட்டுட்டேன். ஆன் பண்ணா நீலமா ஒரு மெனு வந்து ரெண்டு விண்டோஸ்ல எதுன்னு கேட்டுச்சு, 11 எடுத்தா பறக்குது. சரி ஹார்ட் டிஸ்க்க வெளிய எடுத்து யுஎஸ்பி பெட்டில போட்டுக்கலாம்னு கழட்டினேன், இப்ப பூட் ஆகுற டிவைஸே இல்லங்குது. திரும்ப மாட்டினா வேலை செய்யுது. என்ன பண்ணி வச்சிருக்கேன்னு புரியல.

காரைக்குடி சர்வீஸ்:

ஒண்ணும் கெட்டுப்போகல. யுஇஎஃப்ஐங்கிற புது வகை பயாஸ் இருக்குற மிஷின் ஆன் ஆனதும் மொதல்ல தேடுறது இஎஃப்ஐன்னு ஒரு சின்ன பார்ட்டிஷன், சுமாரா 100 எம்பிதான் இருக்கும், விண்டோஸ எழுப்பி விடுற ஃபைலெல்லாம் அதுக்குள்ளதான். இன்ஸ்டாலர் போடும்போது வேற டிஸ்க்குல ஏற்கனவே ஒரு இஎஃப்ஐ இருந்தா, புதுசா உண்டாக்காம அதுலயே கொண்டு போயி வச்சிரும். நம்ம ஊரு பெரிய வீட்டுக்கு ரெண்டாம் கட்டுல புதுசா ரூம் கட்டிட்டு சாவிய மட்டும் பங்காளி வீட்டு ஆணியில மாட்டி வச்ச மாதிரி ஆயிருச்சு. விண்டோஸ் முழுசா எஸ்எஸ்டில இருக்கு, சாவி பழைய ஹார்ட் டிஸ்க்குல இருக்கு. அந்த நீல மெனு வந்ததுக்கும் இதான் காரணம். நாளைக்கு அந்த பழைய டிஸ்க்கு தேஞ்சு போனா நல்லா இருக்குற எஸ்எஸ்டியும் சேந்து எந்திரிக்காது.

பிசிடிபூட்னு ஒரு கமாண்ட் இருக்கு, எஸ்எஸ்டில கொஞ்சம் இடத்த சுருக்கி இஎஃப்ஐ பார்ட்டிஷன் உண்டாக்கி பூட் ஃபைல அங்க எழுதலாம். ஆனா உங்க எஸ்எஸ்டில இன்னும் ஒண்ணுமே ஏத்தல, அப்பறம் எதுக்கு அந்த சுத்து. ஹார்ட் டிஸ்க்க கழட்டி மேசை மேல வச்சிட்டு திரும்ப மொதல்லேர்ந்து போடுங்க. அதே டிரைவர லோட் பண்ணி, எஸ்எஸ்டில இருக்குற பார்ட்டிஷன் எல்லாத்தையும் டெலீட் பண்ணி, ஒரே அன்அலொகேட்டட் இடமா ஆனதும் அத தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் குடுத்தா போதும், தேவையானத அதுவே பிரிச்சுக்கும். கூட வேற டிஸ்க்கே இல்லாததால தப்பா எதையும் அழிக்கவும் முடியாது, நான் கழட்டச் சொன்னது அதுக்கும் சேத்துத்தான்.

கழட்டும்போது பவர் வயரு எடுத்துட்டு, மூடிய திறந்ததும் மொதல்ல பேட்டரி கனெக்டர உருவிருங்க. ஹார்ட் டிஸ்க்கோட பட்டை கேபிள் மெல்லிசு, பிடிச்சு இழுக்காதீங்க, கனெக்டர் பக்கம் நகத்த குடுத்து மெதுவா தூக்கணும். தரையில வச்சு செய்யிறதா இருந்தா ஒரு வெள்ளைத் துண்ட விரிச்சுக்கங்க. எம்.2 ஸ்க்ரூ எள்ளு மாதிரி இருக்கும், ஆத்தங்குடி கல்லு மேல விழுந்துச்சுன்னா அந்தப் பூ டிசைனுக்குள்ள கண்டே பிடிக்க முடியாது, ஒரு வீட்ல வளவு முழுக்க காந்தத்த வச்சு தேடியிருக்கேன்.

இன்னொண்ணு, இன்ஸ்டால் முடிஞ்சு நெட்டு கேக்குற இடத்துல வைஃபை டிரைவர் இல்லாம வைஃபையே காட்டாம போகலாம். போன யுஎஸ்பி கேபிள்ல மாட்டி போன் நெட்ட மிஷினுக்கு குடுக்குற டெதரிங்க ஆன் பண்ணுங்க, அத விண்டோஸ் தானா எடுத்துக்கும். உள்கட்டுல உக்காந்தா அந்த சுவத்து தடிப்புக்கு டவர் வராது, மிஷின முகப்புக்கு தூக்கிட்டு வந்துருங்க.

தேவகோட்டை டிடிபி:

தம்பி, உங்க அப்பச்சி அந்த எக்செல்ல தமிழ்ல எந்த எழுத்துருவுல அடிச்சிருக்காங்கன்னு பாத்தீங்களா? நான் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற வேலை பாக்குறேன், இந்த மாதிரி புது டிஸ்க்கு போட்டுட்டு ஃபைல திறந்தா தமிழ் போயி எல்லாம் இங்கிலீஷ் எழுத்து கலைச்சுப் போட்ட மாதிரி இருக்கு, வைரஸ் வந்துருச்சுன்னு அழுதுக்கிட்டு வருவாங்க. வைரஸும் இல்ல ஒண்ணும் இல்ல. பழைய ஆளுங்க பாமினி, ஸ்ரீலிபி, டேம், டேப் இப்படி எதுலயாவது அடிச்சிருப்பாங்க. அதுல எல்லாம் இங்கிலீஷ் எழுத்துக்கும் குறிகளுக்கும் உண்டான இடத்துல தமிழ் வடிவத்த வச்சிருப்பாங்க, எழுத்துரு மிஷின்ல இருந்தாத்தான் தமிழா தெரியும், இல்லன்னா அடியில இருக்குற எழுத்து அப்படியே தெரியும். எல்லா மிஷினுக்கும் பொதுவான யூனிகோடு முறையில அடிச்சதுக்கு இந்தப் பிரச்சனை கிடையாது.

அதனால ஹார்ட் டிஸ்க்குல இருக்குற பழைய விண்டோஸ அழிக்கிறதுக்கு முன்னாடி அதோட விண்டோஸ் ஃபோல்டர்ல ஃபான்ட்ஸ்னு இருக்கும், அத முழுசா காப்பி எடுத்து வைங்க. எக்செல்ல அந்த செல்ல கிளிக் பண்ணா மேல எழுத்துரு பேரு வரும், அதே பேர்ல இருக்குறத புது மிஷின்ல ரைட் கிளிக் பண்ணி இன்ஸ்டால் குடுத்தா தமிழ் திரும்ப வந்துரும்.

உடனே யூனிகோடுக்கு மாத்துறேன்னு இறங்காதீங்க. மாத்துறதா இருந்தா ஒரு நகல்ல மட்டும் மாத்தி, வீட்டுப் பேரு, விலாசம் எல்லாம் வரி வரியா சரிபாருங்க, அந்த மாதிரி மாத்தும்போது கொம்பும் துணைக்காலும் இடம் மாறி போயி ஒருத்தர் பேரு இன்னொண்ணா ஆயிரும், படைப்பு லிஸ்ட்டுல பேரு தப்பா இருந்தா அது எவ்வளவு பெரிய மனத்தாங்கலா போகும்னு உங்களுக்கே தெரியும். அப்பச்சி பழைய கீபோர்டு பழக்கத்த விட்டு மாற நினைச்சா, விண்டோஸ்ல தமிழ்99 உள்ளயே இருக்கு, மொழி செட்டிங்ஸ்ல சேத்துக்கலாம். அது 1999ல சென்னையில நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்கு அப்புறம் அரசாங்கம் ஏத்துக்கிட்ட கீபோர்டு, ஒரு வாரம் கை பழகிட்டா அவ்வளவு சுலபம், உயிரெழுத்து எல்லாம் இடது கைல மெய்யெல்லாம் வலது கைலன்னு இருக்கும்.

பள்ளத்தூர் பையன்:

அக்கா, நீங்க எழுதலைன்னா நான் பழைய விண்டோஸ நேத்தே அழிச்சிருப்பேன். பாத்தா பாமினிதான்.

எல்லாம் முடிஞ்சிருச்சு, பின்னாடி வர்றவங்களுக்கு உதவட்டும்னு முழுசா எழுதுறேன். அப்பச்சியோட வெள்ளை வேட்டி ஒண்ண பட்டாலையில விரிச்சு அதுமேல வச்சுத்தான் கழட்டினேன், பேட்டரிய மொதல்ல உருவிட்டு ஹார்ட் டிஸ்க்க எடுத்தேன். எஸ்எஸ்டி மட்டும் உள்ள. டிரைவர லோட் பண்ணி எல்லா பார்ட்டிஷனையும் டெலீட் பண்ணி போட்டேன், நீல மெனு வரல, நேரா விண்டோஸ் வந்துச்சு. அண்ணன் சொன்ன மாதிரி வைஃபை காட்டல, முகப்புக்கு தூக்கிட்டு வந்து திண்ணையில உக்காந்து போன் கேபிள்ல நெட்டு குடுத்தேன், ஆக்டிவேஷன் தானா ஆயிருச்சு, கீ எதுவும் கேக்கல. ஹார்ட் டிஸ்க்க யுஎஸ்பி பெட்டில போட்டு மாட்டினதுக்கு அப்பச்சி ஃபோல்டர திறக்க அனுமதி இல்லன்னு ஒண்ணு வந்துச்சு, கன்டினியூ குடுத்ததும் திறந்துருச்சு.

ஒரு சந்தேகம் மட்டும் இருக்கு. புது விண்டோஸ்ல செட்டிங்ஸ்ல போயி பாத்தா டிவைஸ் என்கிரிப்ஷன் தானாவே ஆன்ல இருக்கு. விடலாமா?

காரைக்குடி சர்வீஸ்:

விண்டோஸ் 11ல 24எச்2ங்கிற பதிப்புலேர்ந்து புதுசா போட்டு மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் குடுத்தா அப்படித்தான் தானா ஆன் ஆகும். லேப்டாப் தொலைஞ்சா நல்லது, ஆனா கீ இல்லன்னா உங்களுக்கே கதவ திறக்காது. அக்கவுன்ட்ல போயி அந்த 48 இலக்கத்த எடுத்து பேப்பர்ல எழுதி வச்சிக்கங்க, இல்ல வேண்டாம்னா ஆஃப் பண்ணிருங்க, ரெண்டுல ஒண்ணு இன்னைக்கே செய்யணும். பழைய ஹார்ட் டிஸ்க்க படைப்பு முடியிற வரைக்கும் தொடாதீங்க.

பள்ளத்தூர் பையன்:

ஆன்லயே விட்டுட்டேன் அண்ணே. பாமினி போட்டதும் லிஸ்ட்டு அப்படியே தமிழ்ல வந்துச்சு, அப்பச்சி கண்ணாடிய போட்டுக்கிட்டு மொத வரியிலேர்ந்து கடைசி வரைக்கும் பழைய நோட்ட பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாத்தாக, ஒரு புள்ளி கூட குறையல. அந்த 48 இலக்க கீய நான் சொல்லச் சொல்ல அவுகளே படைப்பு நோட்டோட பின்பக்கத்துல ஆறு ஆறா பிரிச்சு எழுதி, பெட்டகத்துக்குள்ள வச்சு பூட்டிட்டாக.